முதலில் சேர்ந்த ஃபோன்

விளக்கு வைத்து முடித்திருந்தேன். கரண்ட் போய், ஃபேன் நின்று, வீடு கப்சிப்பென்று இருந்தது. அப்போது பீரோவுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் கேட்டது. ஒரே ஒரு சொல்தான். ‘கனெக்டட்.’

ஷர்மிலி, நீங்கள் சத்தம் எப்படி இருக்கும் என்று கேட்டீர்கள், அதனால் சத்தத்திலிருந்து ஆரம்பிக்கிறேன். அந்த ஹெட்போனில் நான் கேட்டதிலேயே தெளிவான சத்தம் அதுதான். பீரோ சாத்தியிருந்தது, மேலே புடவைகள் வேறு. அப்படியும் கேட்டது.

நம் மகளிர் பெட்டி குரூப்பில் நான் போட்டோ போட்டதும் நீங்கள்தான் முதலில் வந்தீர்கள். “அக்கா, காது வலிக்குமா, பாட்டு நல்லா கேக்குமா, நல்லா இருக்கறதை ஏன் விக்கறீங்க” என்று ஒரே மூச்சில். உங்களை நான் பார்த்ததில்லை. சிங்கப்பெருமாள் கோவிலில் ஏறுகிறேன் என்று போட்டிருந்தீர்கள். நான் கூடுவாஞ்சேரி. ஒரே பெட்டியில் முதுகோடு முதுகு ஒட்டி நின்றிருப்போம், அவ்வளவுதான். முதல் இரண்டு கேள்விக்கும் ஒரு வரி போதும். மூன்றாவதுக்குத்தான் கொஞ்சம் நீளமாகிவிடும் போலிருக்கிறது. எங்கள் வீட்டுக்காரர் பரோட்டா வாங்கக் கீழே போயிருக்கிறார். அந்தக் கடையில் எப்போதும் கூட்டம். குழந்தை என் காலடியில் மூடிகளை வைத்து விளையாடிக்கொண்டிருக்கிறாள். அவர் வருவதற்குள் எழுதிவிடுகிறேன்.

முதலில் காது. நான் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஃபோன் எடுக்கிற வேலையில் இருந்தேன். காலையில் மாட்டினால் சாயங்காலம்வரை ஆபீஸ் ஹெட்செட் காதிலேயே இருக்கும். ‘வெறும் வயித்துல வரணுமா மேடம்’, ‘ரிப்போர்ட் வந்துருச்சா மேடம்’ இதே பேச்சு. அதைக் கழற்றிவிட்டு ரயில் ஏறும்போது காது மடல் சுடும். அந்தக் காதில் இன்னொன்றை மாட்டுவது என்றால் அது காதைத் தொடக் கூடாது. காதுக்குள் சொருகுகிற சின்னதை வைத்துத்தான் நானும் ஆரம்பித்தேன். அதில் ஒன்று கோடம்பாக்கத்தில் தண்டவாளத்துக்குப் போய்விட்டது. இன்னொன்று தையல் டப்பாவில் கிடக்கிறது. காது மேல் உட்காருகிற ரகம் இன்னும் மோசம். அதைச் செய்கிறவர்கள் தோடு போட்ட காதைப் பார்த்ததே இல்லை என்று நினைக்கிறேன். பட்டை அழுத்த அழுத்தத் தோட்டின் திருகு பின்னால் குத்திக்கொண்டே வரும். பல்லாவரம் தாண்டுவதற்குள் கழற்றிக் கைப்பையில் போட்டுவிடுவேன்.

இது காதை முழுசாக மூடுகிற ரகம். கிண்ணத்தைக் கவிழ்த்த மாதிரி தோடு, திருகு, மாட்டல் எல்லாம் உள்ளே அடங்கிவிடும். பூ வைத்தால் மட்டும் பட்டை நழுவும், பூவைக் கொஞ்சம் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் மெத்தைக்குள் வியர்க்கும். பழைய பருத்திக் கர்ச்சீப்பால் துடைத்தால் போதும், தண்ணீர் தொட்டுத் துடைக்காதீர்கள்.

பாட்டு நன்றாகக் கேட்கும். தபேலா தனியாக, வயலின் தனியாக, பாடுகிறவர் மூச்சு இழுப்பதுகூடக் கேட்கும். வெளிச் சத்தத்தை அடக்குகிற பொத்தான் ஒன்று வலது பக்கம் இருக்கிறது. அமுக்கினால் ரயில் ஓடிக்கொண்டேயிருக்கும், அதன் சத்தம் மட்டும் ஏதோ ஸ்டேஷனில் இறங்கிவிட்ட மாதிரி இருக்கும். வீட்டில் மகி இருப்பதால் அதை நான் அதிகம் அமுக்கியதில்லை. சத்தம் அடங்கினால் எனக்குக் குழந்தை அழுகிற மாதிரியே இருக்கும். உங்களுக்கு அந்தத் தொல்லை கிடையாது.

ஒன்றை மறைத்து விற்க எனக்கு மனசில்லை. இடது பக்கம் கொஞ்சம் சன்னமாகக் கேட்கிறது. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

இது போன வருஷம் ஆடித் தள்ளுபடியில் வாங்கியது. அவரும் வந்திருந்தார். கடைக்காரத் தம்பி மேஜை மேல் வரிசையாக எடுத்து வைத்து, “மேடம், ஒண்ணொண்ணா போட்டுப் பாருங்க. தலைய ஆட்டிப் பாருங்க. குனிஞ்சு நிமுந்து பாருங்க, ரயில்ல அதெல்லாம் உண்டுல்ல” என்றான். நல்ல பையன். நான் கொண்டையைத் தளர்த்திக்கொண்டிருந்தேன். அதற்குள் இவர் ஒன்றை எடுத்துத் தான் மாட்டிக்கொண்டார். கண்ணை மூடிக்கொண்டு ஒரு பாட்டு முழுசும் கேட்டார். கேட்டு முடித்ததும், “இதான். பேக் பண்ணிடுங்க” என்றார்.

“மேடம் போட்டுப் பாக்கலையே சார்.”

“அவளுக்கு என்ன புடிக்கும்னு எனக்குத் தெரியும்.”

தெரியும்தான். நல்லதாகத்தானே எடுத்திருக்கிறார்.

கடைக்காரத் தம்பி அவர் ஃபோனை வாங்கி அதோடு இதைச் சேர்த்துவிட்டான். “முதல்ல எந்த ஃபோனோட சேருதோ அதை இது மறக்காது சார். அப்புறம் இன்னொண்ணோடயும் சேத்துக்கலாம். ஆனா இந்த ஃபோன் பக்கத்துல வந்தாப் போதும், தானா ஒட்டிக்கும்.”

“எங்க வீட்டம்மா மாதிரின்னு சொல்லுங்க” என்றார் இவர். பையன் சிரித்தான். நானும் சிரித்தேன்.

ஷர்மிலி, ஹெட்போன் வாங்கும்போது எல்லோரும் பேஸ் எப்படி, பேட்டரி எத்தனை மணி நேரம் என்று கேட்பார்கள். நான் சொல்கிறேன், முதலில் யார் ஃபோனோடு சேர்ப்பது என்று யோசித்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

ஆரம்பத்தில் அது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. சாயங்காலம் ரயில் இறங்கி மேம்பாலப் படியில் வரும்போதே காதில் அந்தக் குரல் ‘கனெக்டட்’ என்று சொல்லிவிடும். அவர் கீழே சைக்கிள் ஸ்டாண்ட் பக்கம் வண்டியோடு நிற்கிறார் என்று அர்த்தம். கூட்டத்தில் தேட வேண்டியதில்லை. நான் படித்தது காஞ்சிபுரத்தில் ஒரு கான்வென்ட் போர்டிங்கில். அங்கே சிஸ்டர் ரெஜினால்டா ரப்பர் செருப்புப் போட்டுச் சத்தமே இல்லாமல் வருவார். ஆனால் இடுப்பில் தொங்குகிற ஜெபமாலை கிலுகிலுவென்று முன்னாலேயே சொல்லிவிடும். நாங்கள் போர்வைக்குள் கதைப்புத்தகத்தை மறைத்துவிட்டு நல்ல பிள்ளைகளாகக் கண்ணை மூடிக்கொள்வோம். இதுவும் அந்த மாதிரிதான். அவர் ஃபோன் ஒட்டிக்கொண்டதும் சில சமயம் என் பாட்டு பாதியில் நின்று அவர் கேட்டுக்கொண்டிருந்தது வரும். வண்டியில் ஏறியதும், “என்ன பாட்டு கேட்டுட்டு வந்த? தாம்பரத்துல கூப்ட்டேன், பிஸின்னு வந்துச்சே, யாரு?” என்பார். எல்லாவற்றையும் தெரிந்துகொள்ள வேண்டும் அவருக்கு. அப்படிக் கேட்காத புருஷன்மாரைப் பற்றி நம் பெட்டியில் எவ்வளவு பேர் குறை சொல்கிறார்கள்.

இந்த வருஷம் ஆனிக் கடைசியில் ஒரு நாள் ரயில் நின்று நின்று வந்தது. அசதியில் அந்தப் பொத்தானை அமுக்கிவிட்டேன். சைக்கிள் ஸ்டாண்டிலிருந்து அவர் கூப்பிட்டது கேட்கவில்லை. வீட்டுக்குள் வந்ததும், “காதுல அதை மாட்டிக்கிட்டா புருஷன் கூப்புடறது கேக்காதோ” என்றார். நான் ஏதோ சொல்ல வந்தேன். கை நீண்டுவிட்டது. அவர் கை கொஞ்சம் கனமான கை. இடது காதில் ‘ங்’ என்று ஒன்று கிளம்பி, பிறகு அது அடங்கவே இல்லை.

அவர் படிக்கட்டுக்குப் போய் சிகரெட் பற்ற வைத்தார். அந்த நேரத்தில் நான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். போட்டிருக்கக் கூடாது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வெளியே நிற்கிற மனுஷனுக்குக் கோபம் வராதா என்று கேட்கிறார்கள். உதைத்தார். தாழ்ப்பாளும் பழசு, அதையும் சொல்ல வேண்டும். வாசக்காலில் அது நுழைகிற இடம் மரத்தோடு பெயர்ந்து வந்துவிட்டது. கீழே குடியிருக்கிற ஹவுஸ் ஓனர் பத்மாசனி அம்மா மேலே வந்தார். மதுராந்தகத்திலிருந்து மாமியார் வந்தார். “கொஞ்ச நாள் என்கிட்ட இருக்கட்டும்” என்று அவரைக் கூட்டிப் போனார்.

அதற்கடுத்த வாரம் ஆடி பிறந்தது. ரயிலில் வசந்தகோகிலம் அக்கா, “என்ன மேகலா, கூட்டிட்டுப் போக ஆளையே காணோம்? ஆடிக்குப் பிரிச்சு வச்சுட்டாங்களா, புதுப்பொண்ணு மாதிரி?” என்றார். பெட்டியே சிரித்தது. அப்படியே வைத்துக்கொள்ளலாம் என்று நானும் சிரித்தேன்.

இப்போது முதலில் சொன்ன அந்தச் சாயங்காலத்துக்கு வருகிறேன்.

ஆபீஸிலிருந்து வந்து ஹெட்போனை அணைக்க மறந்து பீரோவில் போட்டிருக்கிறேன். என் ஃபோன் பக்கத்தில் இருந்தால் அது தானாக அணையாது. அந்தக் குரல் கேட்டதும் முதலில் எனக்குப் பயம்தான் வந்தது, ஏதோ காத்து கருப்பு என்று. பிறகு புரிந்தது. என் ஃபோன் ஏற்கெனவே அதோடு சேர்ந்துதான் இருக்கிறது. இப்போது வந்து ஒட்டிக்கொண்டது வேறொன்று. ஜன்னலை ஒரு விரல் அகலம் திறந்து பார்த்தேன். டிரான்ஸ்ஃபார்மர் பக்கத்தில் வண்டி. சிகரெட் நுனி. அவர் மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் கதவு விசித்திரமான கதவு, ஷர்மிலி. வெளியே போகும்போது பூட்டுப் போடலாம். உள்ளே இருக்கும்போது வெறுமனே சாத்தி வைக்கத்தான் முடியும். அரிசி டிரம்மை இழுத்துக் கதவுக்கு அண்டை கொடுத்தேன். குழந்தையைத் தூக்கிக்கொண்டு பாத்ரூமுக்குள் போனேன். அங்கே தாழ்ப்பாள் நன்றாக இருக்கிறது. வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்துகொண்டோம். அவர் மேலே வரவில்லை. கரண்ட் வந்த பிறகு வண்டி கிளம்பிப் போகிற சத்தம் கேட்டது.

மறுநாளும் வந்தார். ஒரு நாள் விட்டு மறுபடியும் வந்தார். நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். எவர்சில்வர் குண்டானில் ஹெட்போனை மல்லாத்தி வைத்து வாசல் பக்கம் வைத்துவிடுவேன். குண்டானுக்குள் இருந்தால் அந்தக் குரல் மணி மாதிரி கேட்கும், கிரைண்டர் ஓடினால்கூட. அது சொன்னதும் பாத்ரூம். மகிக்கு அது விளையாட்டாகிவிட்டது. குரல் வந்ததும், “தனெட்டு, தனெட்டு” என்று தானே ஓடி வாளியைக் கவிழ்ப்பாள். அவளுக்கு இன்னும் நிறையப் பேச்சு வரவில்லை. ஒரு நாள் சுவரில் மாட்டியிருக்கிற கல்யாண போட்டோவில் அவரைத் தொட்டுக் காட்டி, “தனெட்டு” என்றாள். அப்பா என்று சொல்லிக் கொடுத்துப் பார்த்தேன். மாற்றிக்கொள்ளவில்லை.

தாழ்ப்பாள்தானே, போட்டுக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். நானே கடைக்குப் போய் வாங்கினேன். இரும்புக் கடைக்காரர், “உள்பக்கத்துக்கா, வெளிப்பக்கத்துக்கா?” என்றார். உள்பக்கத்துக்கு என்றேன். “இதைப் போட்டா யானை வந்தாலும் அசையாது” என்று தடியான ஒன்றை எடுத்துக் கொடுத்தார். ஆனால் பத்மாசனி அம்மா சம்மதிக்கவில்லை. “ஏம்மா, ஆடியில யாராச்சும் வாசக்கால்ல ஆணி அடிப்பாங்களா? வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம மஞ்சள் குங்குமம் வச்சுக் கும்புடற நெலை அது. ஒருத்தன் உதைச்சுட்டுப் போயிட்டான், அதுவே என் மனசுல கெடக்கு. ஆவணி பொறக்கட்டும். உடைச்சவரே வந்து சரி பண்ணுவாரு.” நான் வேலைக்குப் போகும்போது மகியை அவர்தான் பார்த்துக்கொள்கிறார். அவரிடம் என்ன மல்லுக்கட்டுவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை நானே ஸ்க்ரூ டிரைவரை வைத்துத் திருகிப் பார்த்தேன். பழைய தேக்கு, திருகு நுனிகூட உள்ளே இறங்கவில்லை. சத்தம் கேட்டுப் பத்மாசனி அம்மா மேலே வந்து கையிலிருந்து வாங்கிக்கொண்டார், கோபப்படாமல்தான். தாழ்ப்பாளை நான் சாப்பாட்டுப் பையில் வைத்துக்கொண்டேன். ஏன் என்று தெரியவில்லை. ரயிலில் பை கனமாக இருந்தால் ஒரு தைரியம்.

அண்ணனுக்கு ஃபோன் செய்தேன். கோவில்பட்டியில் இருக்கிறான்.

“உள்ள வந்தாரா பாப்பா?”

“இல்லண்ணா. கீழ நிக்கிறார்.”

“வந்து கதவத் தட்டினாரா?”

“இல்ல.”

“அப்புறம் என்ன? புள்ளய பாக்கணும்னு இருக்கும். சொல்லத் தெரியாம நிக்கிறாரு. ஆவணியில நான் வரேன். பெரியவங்க உக்காந்து பேசிடலாம். ஆடியில எதுவும் வேண்டாம்.”

போலீஸுக்குப் போய்ச் சொல்லலாம்தான். என்னவென்று சொல்வது? தெருவில் நிற்கிறார் என்றா? தெரு எல்லோருக்கும் பொது.

ஆடிப் பூரம் கழிந்து ஒரு சாயங்காலம், குண்டான் பேசியது. பேசிவிட்டுச் சும்மா இருக்கும், அன்றைக்கு மணியடிக்க ஆரம்பித்தது. அவர் ஃபோனுக்கு அழைப்பு வந்தால் இதிலும் அடிக்கும். அவர் கீழே எடுத்திருக்கிறார், பேச்சு அங்கே கேட்காமல் இங்கே வந்துவிட்டது. குண்டானுக்குள்ளிருந்து குளவி மாதிரி ஒரு குரல். எடுத்துக் காதில் வைத்தேன். மாமியார்.

“பரந்தாமா. ஏன்டா பேச மாட்டேங்கற? அங்கதான் நிக்கறியா? சொல்றதக் கேளு. கதவுக்குத் தாழ்ப்பா இல்ல, தள்ளுனா தொறந்துக்கும்னு சொன்னியே, அதெல்லாம் வேணாம். ஆடியில உள்ள போவாத. குடும்பத்துக்கு ஆவாது. ஆவணியில மொத முகூர்த்தம் பாத்து வச்சிருக்கேன். அது வரைக்கும் பொறு. அதுக்கப்பறம் உன் வீடு, உன் பொண்டாட்டி, யாரு கேக்கப் போறா?”

மகி என் இடுப்பில் இருந்தாள். “தனெட்டு” என்றாள். அது அங்கே போய்க் கேட்டிருக்கிறது.

“புள்ள சத்தம் கேக்குதே. உள்ள போயிட்டியாடா? சொல்லச் சொல்ல உள்ள போயிட்டியா?”

கழற்றி வைத்துவிட்டேன். அடுத்தவர் பேச்சை ஒட்டுக் கேட்பது பாவம் என்று சிஸ்டர் முட்டி போட வைத்திருக்கிறார். மாமியார் பேச்சு வேறு. அதை அண்ணனிடம்கூட நான் சொல்லவில்லை. சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பான்.

அன்றைக்கு ராத்திரி நன்றாகத் தூங்கினேன், ஷர்மிலி. ஆடி முடியும்வரை அவர் உள்ளே வர மாட்டார் என்று தெரிந்துவிட்டதே. அம்மா சொல்லைத் தட்டாதவர். என் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லாததற்கும் ஆடிதான் காரணம், அவர் உள்ளே வராததற்கும் ஆடிதான் காரணம். ஆடி முடியக் கூடாது என்று வேண்டிக்கொண்ட ஆள் இந்த ஊரில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். புதுசாகக் கல்யாணமானவர்கள் எல்லாம் ரயிலில் காலண்டரை எடுத்து எடுத்துப் பார்ப்பார்கள். நானும் பார்ப்பேன்.

ஆவணி பிறந்தது. முதல் முகூர்த்தத்தில் எல்லோரும் வந்தார்கள். அண்ணன் வந்தான். மாமியார் தாம்பாளத்தில் பழம், பூ, எனக்கு ஒரு புடவை. நல்ல புடவை. அவர் மெலிந்திருந்தார். எல்லோர் முன்னாலும், “இனிமே கை நீட்ட மாட்டேன்” என்றார். அண்ணன் அவர் தோளைத் தட்டிக் கொடுத்தான். மகியை அவரிடம் கொடுத்தார்கள். அவள் அவர் முகத்தைப் பார்த்து, “தனெட்டு” என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். “என்னம்மா சொல்றா?” என்றார் அத்தை. குழந்தை ஏதோ உளறுகிறது என்றேன்.

சாப்பாட்டுப் பையிலிருந்த தாழ்ப்பாளைப் பத்மாசனி அம்மாதான் எடுத்துக் கொடுத்தார். எங்கள் வீட்டுக்காரர் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “யாரு வாங்குனது இது?”

“நான்தாங்க.”

“நல்லதாத்தான் வாங்கியிருக்க” என்றார்.

பக்கத்து வீட்டில் டிரில் மெஷின் இரவல் வாங்கி வந்து அவரே மாட்டினார். நல்ல நேரத்தில் ஆரம்பித்து, வாசக்காலுக்குக் கற்பூரம் காட்டி. பழைய ஓட்டையை மரத்தூளும் கோந்தும் வைத்து அடைத்து, தள்ளிப் புது இடத்தில் போட்டார். வேலை சுத்தமான வேலை. “உடைச்சவரே சரி பண்ணுவாருன்னு சொன்னேனா இல்லையா” என்றார் பத்மாசனி அம்மா. அண்ணன் சாயங்காலப் பஸ்ஸுக்குக் கிளம்பிவிட்டான். அத்தை எங்களோடுதான் இருந்தார். முந்தாநாள்தான் ஊருக்குப் போனார்.

ஹெட்போனை விற்கச் சொன்னது அவர்தான். “ரயில்ல போனது போதும். இனி எதுக்கு இது?” என்றார். வேலையையும் நிறுத்தியாயிற்று. நீங்கள் கேட்ட மூன்றாவது கேள்விக்கு இதுதான் பதில். வீட்டிலேயே இருக்கிறவளுக்குக் கொண்டு போகிற ஹெட்போன் எதற்கு? வீட்டிலேயே இருக்கிற ஆள் வருகிறார் என்று யார் சொல்ல வேண்டும்?

இடது பக்கம் சன்னமாகக் கேட்கிறது என்று சொன்னேன் இல்லையா. நேற்று அதைத் திருப்பி மாட்டிப் பார்த்தேன், வலது கிண்ணம் இடது காதுக்கு வருகிற மாதிரி. அப்போதும் இடது பக்கம்தான் சன்னமாக இருந்தது. அப்படியென்றால் ஹெட்போனில் குறை இல்லை. உங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே மாதிரி கேட்கும். தைரியமாக வாங்கிக்கொள்ளலாம்.

இன்னொன்று. ஒலி கூட்டுகிற பொத்தானையும் அணைக்கிற பொத்தானையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தால் சிவப்பும் நீலமுமாக மின்னும். அப்போது பழைய ஃபோன் எல்லாவற்றையும் மறந்துவிடும். அந்தத் தம்பி மறக்காது என்றான், மறக்கிறது, பெட்டியோடு வந்த புத்தகத்தில் படித்துப் பார்த்தேன். ஆனால் நான் அழுத்தவில்லை. நீங்கள் உங்கள் வீட்டுக்குப் போய் அழுத்திக்கொள்ளுங்கள். அதுவரை குண்டானில் இருக்கட்டும்.

ஸ்டேஷனில் வைத்து வாங்கிக்கொள்கிறேன் என்று போட்டிருந்தீர்கள். வேண்டாம், வீட்டுக்கே வாருங்கள். ஞாயிற்றுக்கிழமை வாருங்கள். முடிந்தால் வீட்டில் யாரையாவது கூட்டிக்கொண்டு வாருங்கள். டிரான்ஸ்ஃபார்மருக்கு எதிர் வீடு, வெளிப்பக்கமாகவே மாடிப்படி. கதவு தாழ்ப்பாள் போட்டிருந்தால் தட்டுங்கள். உடனே திறக்கவில்லை என்றாலும் போய்விடாதீர்கள். ஹெட்போன் வாங்க வந்திருக்கிறேன் என்று தெருவுக்குக் கேட்கிற மாதிரி சொல்லுங்கள். நான் வராவிட்டால் மறுபடியும் சொல்லுங்கள். எனக்கு ஒரு பக்கம் சரியாகக் கேட்காது, அதனால்தான்.

இதை அனுப்பியதும் என் ஃபோனில் அழித்துவிடுவேன். நீங்கள் பதில் போடும்போது ஹெட்போனைப் பற்றி மட்டும் போடுங்கள். விலையைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள், அது போதும். அவருக்கு நீளமாக எழுதுவது பிடிக்காது, வேறொன்றுமில்லை.

குண்டான் சொல்லிவிட்டது. கீழே வந்துவிட்டார். மகி பாத்ரூம் பக்கம் ஓடுகிறாள். அது இனி வேண்டாம் என்று அவளுக்கு எப்படிச் சொல்வது?

வந்துவிட்டார். பரோட்டாப் பொட்டலம் சுடுகிறது.

“யாருக்குடி இவ்ளோ நேரமா டைப் பண்ற?”

“ஹெட்போன் வாங்கற பொண்ணுங்க. காது வலிக்குமான்னு கேக்குது.”

“வலிக்காதுன்னு போடு.”

வலிக்காது, ஷர்மிலி.

செருப்பைக் கழற்றிவிட்டு, கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாள் போட்டார். ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். அசையவில்லை.